ஓடம் ஏறுமுன் ஒரு கணக்கு

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். குளத்தில் குளிக்கப் போகும் சிறுவனுக்காக மட்டும் சொன்ன சொல் அல்ல இது. முகத்துவாரத்தில் படகு ஏறும் ஒவ்வொருவரும், படகு விடும் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சொல்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டில் உல்லாசப் பிரயாணம் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், முகத்துவாரத்துக்கு அருகே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். சந்தோஷமாகப் பொழுதுபோக்கச் சென்ற குடும்பங்கள் வீடு திரும்பவில்லை. இன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே இதைப் பற்றி இன்று பேசுவது பொருத்தம் என்றே நினைக்கிறோம்.

இடம் பெயரும் மணல்

ஆறோ காயலோ கடலோடு கலக்கும் இடம் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். நடு நீரில் ஒருவன் முழங்கால் ஆழத்தில் நின்று வலை வீசுவதைக் காணலாம். "இவ்வளவுதானே ஆழம், இதில் என்ன பயம்?" என்று தோன்றும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. ஆழ்கடலில் அலை உருண்டு போய்விடும். ஆழமில்லாத மணல் திட்டின்மேல் அதே அலை நிமிர்ந்து நின்று உடையும். ஒரு மீட்டர் உயர அலை, ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும் என்பது கடல் நூலார் கணக்கு. உடைகிற அலைக்குப் பக்கவாட்டில் சிக்கிய சிறு படகு புரண்டுவிடும்.

அந்த மணல் திட்டாவது ஒரே இடத்தில் இருக்கிறதா? அதுவும் இல்லை. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காற்றின் காலத்தில் கடல் மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியாறும் பெருகி வந்தால் பழவேற்காட்டு ஏரியின் வாய் அகலும். வெயில் காலத்தில் தூர்ந்து குறுகும். சென்ற மாதம் படகு போன வழி இந்த மாதம் மணல் மேடாக இருக்கலாம். கைப்பேசியில் வரும் படம் நாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் படம் எடுத்த பிறகு மணல் எங்கே போயிற்று என்பதை அது காட்டாது.

ஐந்து கேள்விகள்

அப்படியானால் முகத்துவாரத்தைக் கடப்பதே கூடாதா? கூடாது என்று சொன்னால் மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. கடக்கலாம், கணக்குப் போட்டுக் கடக்க வேண்டும். கேள்விகள் ஐந்தே ஐந்து.

முதல் கேள்வி: இன்று என்ன திதி? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. ஏற்றம் வரும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் ஏற்றவற்ற நேரங்களையும் அலை நிலையையும் முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆனால் வாய் குறுகிய காயலுக்குள் ஏற்றம் தாமதித்தே வரும். வெளிக்கரையில் நீர் உச்சம் தொட்ட பிறகும் முகத்துவாரத்தில் நீரோட்டம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை நேரம் தாமதம் என்பதை அந்தந்த ஊர் மீனவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த மணிக்கு எவ்வளவு ஆழம்? ஏற்றம் ஆறு மணி நேரம் என்றால் நீர் ஒரே சீராக உயர்வதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று பங்கு ஏறும். சென்னைக் கரையில் அமாவாசையை ஒட்டிய ஏற்றம் சுமார் ஒரு மீட்டர். அதில் முதல் மணியில் கிடைப்பது 8 சென்டிமீட்டர்தான்; மூன்றாவது, நான்காவது மணிகளில் 25 சென்டிமீட்டர் வீதம். நீர் ஏறும்போது தரை தட்டினால் சற்றுப் பொறுத்தால் படகு தானே மிதக்கும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரும்வரை மணலில் கிடக்க வேண்டியதுதான். ஆகவே, ஏறு நீரில் கடப்பதே புத்திசாலித்தனம். திரும்பும் நேரத்தையும் புறப்படுமுன்பே குறித்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: காற்று எங்கிருந்து? கடலிலிருந்து கரைக்குக் காற்று அடிக்கும்போது காயல் நீர் கடலுக்குள் பாய்ந்தால், இரண்டும் மோதி முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும். அரை மணிக்கு முன் அமைதியாகக் கிடந்த நீர், நீரோட்டம் திரும்பியதும் கொந்தளிப்பது இதனால்தான்.

நான்காவது கேள்வி: எத்தனை பேர்? நீரில் பத்துச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஆள் ஒன்றுக்கு 60 கிலோ வீதம் பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் படகு 6 சென்டிமீட்டர் தாழும். ஏற்றத்தின் முதல் ஒரு மணியில் கடல் கொடுத்த 8 சென்டிமீட்டரில் முக்கால் பங்கை அந்தக் கூட்டமே விழுங்கிவிட்டது! விளிம்புக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியும் அதே அளவு குறைந்துவிட்டது. ஒரு பக்கம் ஏதோ வேடிக்கை தெரிகிறதென்று எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மிதவைச் சட்டை இருக்கிறது என்று படகுக்காரர் சொன்னால் போதாது. அது ஏறுகிறவர் உடம்பில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: கரையில் யாரிடம் சொன்னோம்? இங்கிலாந்தில் தேம்ஸ் நதியின் முகத்துவாரம் மணல் திட்டுகளுக்குப் பேர்போனது. 1514-ல் அரச சாசனம் பெற்ற டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்பு, மணல் நகர நகர மிதவை அடையாளங்களையும் அங்கே நகர்த்தி வைக்கிறது. அத்தகைய கடலில் 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்ற ஜெர்மானியக் கப்பல் பனிப்புயலில் கென்டிஷ் நாக் மணல் திட்டில் ஏறியது. உதவி வந்து சேர ஒரு நாளுக்கு மேலாயிற்று. அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். பெரிய கப்பலுக்கே இந்தக் கதி! "இன்ன நேரத்துக்குள் திரும்பாவிட்டால் தேடி வாருங்கள்" என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதற்குக் காசு செலவில்லை.

ஒரு கரும்பலகை போதும்

விபத்து நடந்தால் தடை உத்தரவு வருகிறது. சில மாதம் கழிந்தால் கெடுபிடி தளர்கிறது. மறுபடியும் படகுகள் ஓடுகின்றன. விடுமுறைக் கூட்டத்தைக் கண்டதும், "இன்னும் நாலு பேர்தானே" என்ற பேச்சு எழுகிறது. படகுக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு அன்றைய கூலி. நமக்கு அன்றைய அவசரம். இரண்டும் சேர்ந்தால் கணக்கு தப்பிவிடுகிறது.

நாம் கேட்பது பெரிய திட்டமல்ல. ஒவ்வொரு படகுத் துறையிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். இன்றைய ஏற்ற நேரம், வற்ற நேரம், இன்று காலை கழி ஊன்றிப் பார்த்த முகத்துவாரத்தின் ஆழம், காற்றின் திசை, படகுக்கு இத்தனை பேர், கடைசிப் படகு இத்தனை மணிக்கு என்று ஆறே வரி எழுதுங்கள். அந்த ஊர்க் கடலில் வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட ஒரு மூத்த மீனவரைச் சம்பளம் கொடுத்து அங்கே அமர்த்துங்கள். "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால், மந்திரி வந்தாலும் மைத்துனர் வந்தாலும் படகு அவிழக் கூடாது. அன்று ஓடாத படகுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவும் உள்ளாட்சி மன்றங்கள் வழி செய்ய வேண்டும். பசியோடு நிற்பவனிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. படகுக்காரர் "இன்று போகாது, சாமி" என்று சொன்னால் கூடுதல் பணம் காட்டி அவர் மனத்தைக் கலைக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகளோடு வீடு திரும்புங்கள். முகத்துவாரம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும்.