எழுந்து நிற்கும் வலிமை

எடை தூக்குவது தோள் பருக்க விரும்பும் இளைஞர்களின் வேலை என்றே பல்லடம் வட்டாரத்தில் பலரும் எண்ணுகின்றனர். எங்கள் கருத்து வேறு. உடல் பருக்காமலும் வலிமை கூடும். அவ்வலிமை முதியோருக்கே மிகுதியும் வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் காலால் எடை தூக்கிப் பழகினர். 1990இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத்தசையோ 9 விழுக்காடே பெருத்தது. இருவர் ஊன்றுகோலையே விட்டனர். தசையிழைகளை ஒருங்கே இயக்க நரம்புகள் பழகிக்கொள்வது இதற்கு முதன்மையான காரணம்.

வலிமைக்கான பயிற்சியில் எடை சற்றுக் கனமாகவும் எண்ணிக்கை குறைவாகவும் இருத்தல் வேண்டும்: ஐந்தாறு முறை தூக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஓய்ந்து, மீண்டும் தூக்குதல். மூச்சை அடக்கலாகாது. (இளவட்டக்கல்லை எவரும் நூறுமுறை தூக்கியதில்லை.)

வீடு திரும்பிய முதியவரை ஒவ்வொரு முறையும் கைத்தாங்கலாக எழுப்புவதை அன்பு என்கிறோம். அது அவர் கால்களை மேலும் தளர்த்தும். மருத்துவர் இசைவளித்தபின், கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து எழுந்தமரச் சொல்லுங்கள். அது எளிதானால், நீர் நிறைத்த பாட்டில் ஒன்றை அணைத்தபடி எழட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அருகில் நில்லுங்கள், தூக்கிவிடாதீர்கள்.