கற்பனைக்கும் ஒரு பாடசாலை

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நமது பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பதினேழு வயது மாணவன் தன் தந்தையுடன் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்து நின்றான். தந்தை, அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். மகனை முன்னே தள்ளிவிட்டு அவரே பேச்சைத் தொடங்கினார்: "சாமி, இவன் ஜாஸ் படிக்கணுமாம். அமெரிக்காவுல அதுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்காம். அது சோறு போடுற படிப்பான்னு நீங்களே கேளுங்க."

நாம் கேட்கவில்லை. ஜாஸ் என்றால் இரவு விடுதிகளில் மதுக்கிண்ண ஓசைக்கிடையே ஒலிக்கும் சங்கீதம் என்பதற்கு மேல் அன்று நமக்கும் அதிகம் தெரியாது. ஒரு வாரத் தவணை கேட்டு இருவரையும் அனுப்பி வைத்தோம். அந்த ஒரு வாரத்தில் படித்தறிந்தவற்றுள் சிலவற்றை, பிள்ளைகளைப் பெற்ற நம் வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்று இங்கே எழுதுகிறோம்.

ஜாஸ் பிறந்தது விடுதியில் மட்டுமன்று, வீதியிலும்தான். அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுப்பின மக்களின் பேண்டு வாத்தியக் குழுக்கள் ஊர்வலங்களிலும் விழாக்களிலும் வாசித்து வந்தன. இறந்தோரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும்போது மெதுவான பக்திப் பாடல்களை இசைத்து, அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் துள்ளும் தாளத்தில் வாசிப்பது அவர்கள் வழக்கம். இதைப் படித்தபோது நமக்குச் சற்று முகம் சுளித்தது உண்மை. பிறகு, நம் ஊர்த் தேர்பவனியில் முன்னே செல்லும் பேண்டு செட்டும், அதே கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பெரிய மேளமும் மறுநாள் ஒரு சாவு வீட்டின் முன் ஒலிப்பதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் சுரக்குறிப்புப் பார்த்துக் கற்றவரல்லர். தந்தையும் மாமனும் வாசிக்கக் கேட்டுக் கேட்டே விரல் பழகியவர்கள். நியூ ஆர்லியன்சிலும் பலர் கற்றது அப்படித்தான்.

அந்நகரில் 1901-இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், பதினோரு வயதில், 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில், தெருவில் கைத்துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகக் கைதாகி, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவன் கையில் கார்னெட் என்னும் ஊதுகருவியைக் கொடுத்துப் பழக்கினார். சிறிது காலத்தில் இல்லத்தின் பேண்டுக்கு அவனே தலைவனானான். பின்னாளில் உலகமே போற்றிய அந்த மேதைக்கு வாய்த்த முதல் இசைப்பள்ளி அதுவே.

முறையான பள்ளிகள் வெகு தாமதமாகவே கதவைத் திறந்தன. டெக்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்று 1947-இல் இவ்விசைக்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது, ஜாஸ் என்ற பெயரை எழுதக் கூசி, நடன இசைக்குழுப் படிப்பு என்றே குறித்ததாம். நம் லாரி ஓட்டுநரின் ஐயம் அவருக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மாணவன் கைப்பேசியில் கண்டு மயங்கிய பள்ளிகளுள் ஒன்று அதே நியூ ஆர்லியன்சில் 1973-இல் தொடங்கப்பட்ட படைப்புக்கலை மையம். உயர்நிலைப் பள்ளிப் பருவத்தினர்க்கான அரசு நிறுவனம் அது. வாசிக்கச் சொல்லிச் சோதித்தே சேர்ப்பார்கள். மாணவர்கள் நாளில் ஒரு பாதியைத் தத்தம் வழக்கமான பள்ளியில் கணக்கும் வரலாறும் படிப்பதிலும், மறு பாதியை அங்கே இசை பயில்வதிலும் கழிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 1974 முதல் அங்கே ஜாஸ் கற்பித்தவர் எல்லிஸ் மார்சாலிஸ் என்னும் பியானோக் கலைஞர். அவர் மாணவருள் ஒருவரான அவருடைய மகன் விண்டன், 1997-இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஜாஸ் படைப்பு ஒன்றுக்கு இசைப் பிரிவில் அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. ஆசிரியரான தந்தை 2020-இல் கொரோனா நோய்க்கு இரையானார்.

இத்தகைய பள்ளிகளில் என்னதான் கற்பிக்கிறார்கள்? 'எழுதி வைத்ததை வாசிக்காமல் இஷ்டத்துக்கு வாசிப்பதுதானே' என்பது தந்தையின் கேள்வி. இதற்குப் பதில் எழுதுமுன் நமது பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் இருந்தோம். காணிக்கைப் பாடலுக்கு இடையிசை வாசித்த இளைஞன் ஒருவன், ஏட்டில் இல்லாத சில சுரங்களைத் தானே கோர்த்து வாசித்தான். குருமடத்தில் குறிப்புப் பார்த்துப் பாடியே பழகிய நமக்குக் கோபம் வந்தது. திருப்பலி முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும், "இது உன் கச்சேரி மேடையல்ல" என்றோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அவனுடைய தாயாரிடம் இருமுறை சொல்லியனுப்பியும் வரவில்லை. வழிபாட்டில் அடக்கம் வேண்டும் என்பதில் நமக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் அவன் வாசித்தது அந்தப் பாடலின் இராகத்தை விட்டு ஒரு சுரமும் விலகவில்லை என்பதை அன்று கவனிக்கத் தவறினோம்.

ஜாஸின் அடிப்படை வடிவங்களுள் ஒன்றான புளூஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். நான்கு அட்சரம் கொண்ட பன்னிரண்டு பகுதிகள். ஆக 48 அட்சரங்கள் ஒரு சுற்று. எளிய புளூசில் இச்சுற்றுக்கு அடியில், சட்சமம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றின்மேல் எழுப்பிய மூன்று சுரக்கூட்டுகள் குறித்த இடங்களில் மாறிக்கொண்டே இருக்கும்: முதல் நான்கு பகுதிகள் சட்சமத்தில், ஐந்தாவதில் மத்திமம், ஏழில் மீண்டும் சட்சமம், ஒன்பதில் பஞ்சமம் என்று. வாசிப்பவன் எவ்வளவு தூரம் கற்பனையில் பறந்தாலும், எந்தப் பகுதியில் எந்தக் கூட்டு நிற்கிறது என்பதை ஒரு கணமும் மறக்கலாகாது. நம் வித்துவான் கற்பனைச்சுரம் பாடி எடுப்புக்கு வந்து சேர்வதைப் போன்ற கட்டுப்பாடு இது. நம் சங்கீதத்தில் இராகம் அசையாமல் நிற்க, பாடுபவர் உலவுகிறார். அங்கே காலடியில் நிலமே நகர்ந்துகொண்டிருக்கிறது. எது கடினம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

மாணவர்கள் பழகும் முறையும் நமக்கு அந்நியமானதன்று. பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் பலமுறை கேட்டு, முதலில் வாயால் பாடி, பிறகே கருவியில் எடுக்கிறார்கள். பன்னிரண்டு சுரத்தானங்களில் எதை ஆதாரமாக வைத்தாலும் அதே சொற்றொடரை வாசிக்கப் பழகுகிறார்கள். ஐந்தாறு பேர் குழுவாக அமர்ந்து, ஒருவன் வாசிக்கையில் மற்றவர் அவனைத் தாங்கி நின்று தம் முறைக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு நிமிடக் கற்பனைக்கு ஆயிரம் மணிநேரப் பாடாந்தரம்!

இரு உலகங்களுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலும் உண்டு. பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக்கல்லூரியில் பயின்று அங்கேயே கற்பித்த சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ, நம் நாதசுரத்தைக் கற்றுத் தம் ஜாஸ் மேடைகளில் ஊதினார். மறுபுறம், தென் கன்னடத்தில் நாதசுரக் கலைஞருக்கு மகனாய்ப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் கண்ட சாக்சபோனைக் கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்தினார். 1980-இல் மும்பை ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி, உடன் வாசிக்கத் தாமே விரும்பிக் கேட்டாராம். ஜாஸ் கற்காமலே ஜாஸ் மேடையில் அவர் நிற்க முடிந்தது, கைவசம் முழுமையான ஒரு வித்தை இருந்ததால் அல்லவா?

அப்படியொரு வித்தைக்கான இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுகள் கற்பித்துச் சான்றிதழ் வழங்குகிறார்கள். 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். நாதசுரம், தவில், தேவாரம் பயிலத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். ஏனையவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பெரம்பலூருக்குப் பருத்தி விற்கவும் சின்ன வெங்காயம் விற்கவும் போய்வரும் நம் மக்களில் எத்தனை பேர் இதை அறிவர்? ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இசைப்பள்ளி நடப்பதும் பகலில்; மேல்நிலைப் பள்ளி நடப்பதும் பகலில். நியூ ஆர்லியன்சில் செய்ததுபோல் நாளை இரண்டாக வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கில்லை. ஆதலால் பள்ளிப் பிள்ளை ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு வழி காண்பது கல்வித்துறைக்கு இயலாத காரியமன்று என்பது நம் எண்ணம்.

அடுத்த ஞாயிறு தந்தையும் மகனும் வந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், பிறகு பெரம்பலூரில் மூன்றாண்டு மிருதங்கமோ குரலிசையோ பயிலட்டும், அதற்குப் பின்னும் ஆசை நிலைத்தால் சென்னையையும் அப்பாலையும் பற்றி யோசிக்கலாம் என்றோம். பையன் முகம் வாடிவிட்டது. "அங்க ஜாஸ் இல்லையே சாமி" என்றான். இல்லைதான். அந்த வாட்டத்துக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு முதல் எட்டு வரை பங்கு மண்டபத்தில் கீபோர்டு வைத்துப் பழகிக்கொள்ளச் சாவியைக் கொடுத்தோம். தேர்வுக் காலத்தில் சாவி நம்மிடம் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையைத் தந்தை சேர்த்தார்.

ஆம்ஸ்ட்ராங் 1928-இல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்னும் இசையின் தொடக்கத்தில், துணை எதுவுமின்றி டிரம்பெட் மட்டும் ஏறி இறங்கும் சில நொடிகள் உண்டு. பையன் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். முதலில் பாடுகிறான், பிறகு வாசிக்கிறான், ஓரிடத்தில் தடுமாறி நிறுத்தி மறுபடி பாடுகிறான். சென்ற வெள்ளியன்று தந்தை லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு மண்டபத்து வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். மகனை அழைத்துப்போக வந்தவர், எட்டு மணி கடந்தும் எழவில்லை. நாம் அருகில் போனதும் உள்ளே கையைக் காட்டி, "அந்த இறங்குற இடத்துல மட்டும் ஒரு சுரம் தப்புது, இல்லைங்களா சாமி?" என்று கேட்டார்.