பதினைந்து காளைகள்

சென்ற மாதம் குடிபாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை மகன், கைப்பேசியில் ஒரு புங்கனூர்க் கன்றின் படத்தைக் காட்டினார். கூடத்தில் சோபாவின் அருகே பட்டுத்துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். "உயரம் குறையக் குறைய விலை ஏறும் மாமா" என்று என் தந்தைக்கு விளக்கினார். தந்தை படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இது எந்தக் காளைக்குப் பிறந்தது?" அத்தை மகனுக்குத் தெரியவில்லை. விற்பவருக்கும் தெரியாதாம்.

மரபு மாடுகள் குறித்து இன்று நாம் எழுதும் கட்டுரைகளிலும் நடத்தும் கருத்தரங்குகளிலும் இந்த எளிய கேள்விக்கு இடமில்லை என்பதே என் வருத்தம். தொன்மை, தூய்மை, பெருமை ஆகியவற்றைப் பேசுகிறோம். தகப்பன் யார் என்று கேட்பதில்லை.

புங்கனூர் மாடு எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்தின் மேட்டு நிலத்துக்கு உரியது. உலகின் மிகச் சிறிய திமில் மாடுகளுள் ஒன்று. குறைந்த தீவனத்தில் வாழ்ந்து கொழுப்பு மிகுந்த பாலைத் தரும் என்பதே உழவர் வீட்டில் அதற்கிருந்த மதிப்பு. கலப்பினப் பசுக்கள் பரவியபின் அது அழிவின் விளிம்புக்குச் சென்றது; பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் எஞ்சியவற்றைக் காத்து வந்தது. இன்று அதே மாட்டை உயரம் என்னும் ஒற்றை அளவுகோலால் தேர்ந்து பெருக்குகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் நீள்கொம்பு மாடுகளை விரைவில் கொழுக்கும் இயல்புக்காகத் தேர்ந்து வளர்த்துப் புகழ் பெற்றார். அம்மாடுகளில் பால் குறைந்தது. அடுத்த தலைமுறையில் குறுங்கொம்பு மாடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒற்றைக் குணத்தைத் துரத்துவோர் நினைவில் கொள்ளவேண்டிய கதை அது.

குடும்பப் பட்டி ஒன்று ஓர் இனத்தையே உருவாக்கிய வரலாற்றைத் தமிழ்நிலத்தில் தேடினால், கொங்கு நாட்டின் பழையகோட்டைக்குத்தான் செல்ல வேண்டும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை காங்கேயம் இனத்தின் முன்மாதிரியாகக் கருதப்பட்டது. லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலிலும், உணவு வேளாண் அமைப்புக்காக ஜோஷியும் பிலிப்சும் 1953இல் எழுதிய நூலிலும் அக்குடும்பத்தின் பங்கு பேசப்படுகிறது.

அந்தத் தேர்வுக்கு ஒரு வேலை அடிப்படையாக இருந்தது. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. கவலை இறைக்கும் எருதுகள் நிறைந்த சாலைச் சரிவில் இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். பிறகு கயிறு தளர, பின்னோக்கி நடந்து மேடேற வேண்டும். வலிமை மட்டும் இருந்து அடக்கம் இல்லாத எருது அங்கே உதவாது. வண்டிப் பாரமும் அப்படித்தான். கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பலாக மாறுவதையும், காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுப்பதையும் இன்று அழகாகப் படம் எடுக்கிறோம். அன்று வாங்க வந்தவன் நிறத்தோடு கால், குளம்பு, நடை, சுழி அனைத்தையும் பார்த்தான். சந்தையில் தவறான எருதை விற்றவனின் பெயர் கெட்டது. அதுவே அன்றைய தரச்சான்று.

இந்தத் தேர்வைத் தாங்கியது நிலம். கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நின்ற கொறங்காடு இல்லாமல் காங்கேயம் மாடு இல்லை. மின்மோட்டார் கவலையை நிறுத்தியது, டிராக்டர் ஏரை நிறுத்தியது, லாரி வண்டியை நிறுத்தியது. ஒரு வேலைக்காகத் தேர்ந்த உடலுக்கு வேலை போய்விட்டது. 1990இல் 11 லட்சத்துக்கு மேல் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட காங்கேயம் மாடுகள் 2000இல் 5 லட்சத்துக்கும் கீழே வந்தன. 2017 சனவரியில் மெரினாவில் கூடியவர்களில் பலர் இந்த இனத்தின் பெயரை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். கேட்டது நல்லதே. ஆனால் அந்த எழுச்சிக்குப் பின் காளையின் படம் பரவிய அளவுக்குப் பசுவின் வம்சப் பதிவு பரவவில்லை.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டக்காரரின் பட்டி பெருநிலவுடைமையின் மேல் நின்றது. நூற்றுக்கணக்கான மாடுகளுள் சிறந்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கும் வசதி, பரந்த மேய்ச்சல் நிலமும் பணியாட்களும் உள்ளவருக்கே வாய்க்கும். அம்மந்தைகளை நாள்தோறும் மேய்த்து, ஈற்றுப் பார்த்து, எது எதன் கன்று என்று நினைவில் வைத்திருந்தவர்களின் பெயர்கள் நூல்களில் இல்லை. நிலவுச்சவரம்பு தேவையான சீர்திருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பட்டக்காரர்களை மீண்டும் அழைத்து மாட்டினத்தைக் காக்கவும் முடியாது. எனில் பட்டி செய்த வேலையை இனி யார் செய்வது?

இங்கே சிறிய கணக்கு ஒன்று. ஒரு காளையும் 100 பசுக்களும் உள்ள பட்டியை எண்ணிப் பாருங்கள். மரபியலில் காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதன் நான்கு மடங்கை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். 400ஐ 101ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4. பார்வைக்கு 101 மாடுகள், மரபுவளத்தில் நான்கே மாடுகள்! தலைமுறைதோறும் இரத்தக் கலப்பு எட்டில் ஒரு பங்கு ஏறும். உணவு வேளாண் அமைப்பு குறைந்த அளவாகக் கூறும் 50ஐ எட்ட, அதே 100 பசுக்களுக்கு உறவற்ற 15 காளைகள் வேண்டும். எந்தத் தனிக் குடும்பம் இன்று 15 பொலிகாளைகளைக் கட்டித் தீனி போடும்? 15 ஊர்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கோசாலையின் பக்தியைவிட ஒரு பேரேடு முதன்மையான தேவை.

பேரேட்டின் ஆற்றலுக்குச் சான்று ஆந்திரத்தின் ஓங்கோல் மாடே. 1960களின் தொடக்கத்தில் பிரேசிலுக்குச் சென்ற ஓங்கோல் காளை ஒன்றுக்கு, அது பிறந்த ஊரின் பெயரான கர்வாடி என்பதே நிலைத்தது. அதன் வழிவந்த நெலோர் மாடுகளை அங்கே தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்கலாம். இங்கே அந்தக் காளையின் தாய்வழியைக் கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. மாடு நம்முடையது, எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

திருப்பதியிலும் சென்னையிலும் கால்நடை அறிவியலும் வரலாறும் பயிலும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டைத் தொடங்குமுன் மேய்த்தவர்களிடம் போங்கள். பழைய பட்டிகளில் வேலைபார்த்த மனிதர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் நினைவே நமக்கு எஞ்சியுள்ள வம்சப் பதிவு. பண்ணைக் குடும்பங்களும் தங்கள் கணக்குப் புத்தகங்களைப் பொதுப் பார்வைக்குத் தர வேண்டும். அதில் மானக்குறைவு ஏதுமில்லை.

அத்தை மகன் கன்றை வாங்கவில்லை. என் தந்தை பழைய நாட்குறிப்பேடு ஒன்றின் வெற்றுப் பக்கங்களில், எங்கள் தெருவில் இப்போதுள்ள பதினோரு பசுக்களின் பெயரையும், தெரிந்த அளவுக்கு அவற்றின் தகப்பனையும் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஏழு இடங்களில் 'ஊசி' என்று மட்டும் இருக்கிறது.