வீட்டுக்குள் ஐம்பது எதற்கு?

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் கேமரா நுழைவதற்கு இரண்டு வழிகள்தான். சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும் மச்சான் வாங்கி வருவார்; இல்லையென்றால் முதல் பிள்ளைக்குக் காதுகுத்துத் தேதி குறித்த கையோடு தவணையில் வாங்குவார்கள். கேனன் 1500டி, 200டி, நிக்கான் டி3500, இப்போது புதிதாக ஆர்50. பெட்டியோடு வந்த 18-55 (ஆர்50 என்றால் 18-45) கிட் லென்ஸில் கொஞ்ச நாள் எடுத்துப் பார்ப்பார்கள். செல்போனில் எடுத்த மாதிரியேதானே இருக்கிறது என்று ஒரு மனக்குறை தலைகாட்டும். அப்போது என்னைத் தேடி வருவார்கள். ஸ்டுடியோவை இழுத்து மூடியாகிவிட்டது. ஊருக்கு நான் இன்னும் ஸ்டுடியோக்காரர்தான்.

“அண்ணே, ஃபிப்டி எம்.எம். வாங்கிடலாம்ல?”

கேட்கிற தோரணையிலேயே தெரியும், முடிவு எடுத்தாயிற்று என்று. யூடியூபில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் தலையாட்டினால் போதும், அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுவார்கள். நான் ஆட்டுவதில்லை. வீட்டு மனிதர்களை வீட்டுக்குள் வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் 50 வேண்டாம், 35 வாங்குங்கள் என்பேன். வந்தவர் முகம் கொஞ்சம் வாடும். யூடியூப்காரர் அழகாகப் பேசுவார். நான் டேப்பை எடுத்து ஹாலை அளக்கச் சொல்வேன்.

நம் ஊரில் ஹால் என்பது பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டடி நீளவாக்கிலேயே எடுங்கள். எதிர்ச் சுவரோரம் நாற்காலி போட்டால் உட்கார்ந்தவர் முகம் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வந்துவிடும். நீங்கள் இந்தப் பக்கச் சுவரில் முதுகை ஒட்டினாலும் உங்கள் தலையும் கேமராவும் ஓரடி தின்னும். மிச்சம் ஒன்பதடி. கேனன் 1500டி-யில் 50 லென்ஸ் போட்டால் அந்த ஒன்பதடியில் படத்துக்குள் அடங்கும் அகலம் நாலடி. நாலடியில் யார் யார் அடங்குவார்கள்? அப்பா, அம்மா, மடியில் ஒரு பிள்ளை. அப்பத்தாவை எங்கே நிறுத்துவது? ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கமா? அதே இடத்தில் 35 போட்டால் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், அப்பத்தாவும் சேர்ந்துவிடுவார். 24 போட்டால் எட்டடிக்கு மேல், அத்தை குடும்பத்தையே கூப்பிட்டுக்கொள்ளலாம். 50 வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வாசல்படி தாண்டித் தெருவில் நின்று, நிலைப்படி வழியாக உள்ளே இருப்பவர்களை எடுக்கிறார்கள். ஓரிரு மாதம் அப்படி எடுத்துவிட்டு லென்ஸைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவார்கள்.

அப்படியானால் ஐம்பதுக்கு இவ்வளவு பெயர் எங்கிருந்து வந்தது? பெயர் பொய்யில்லை, அது ஃபிலிம் காலத்துப் பெயர். ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதில் 50 என்பது பரந்தும் இல்லாமல் குறுகியும் இல்லாமல் நடுவாந்திரமாகப் பார்க்கும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி அந்த ஒரு லென்ஸோடு அலைந்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். அந்த நாட்களின் படங்கள் சில அவர் எடுத்தவை. ஆனால் நீங்கள் வாங்கியிருக்கும் ஆரம்பநிலைக் கேமராவின் சென்சார், கேனனில் 22.3-க்கு 14.9, நிக்கானில் 23.5-க்கு 15.6. பரப்பில் ஃபிலிம் ஃபிரேமில் பாதிகூடக் கிடையாது. நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள், ஜன்னல் கதவை யாரோ பாதி சாத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன ஜன்னலில் 50 என்பது ஃபிலிமில் 75, 80 லென்ஸுக்குச் சமம். பிரெஸ்ஸோன் கண்ட காட்சி உங்களுக்கு வேண்டுமானால் அது 35-இல்தான் இருக்கிறது. பெரியவர்கள் 50 என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, எந்தக் கேமராவில் என்பதை விட்டுவிட்டோம்.

என் கையிலிருந்தது யாஷிகா மேட். மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் பெட்டி, 120 ரோலில் பன்னிரண்டு படம். அதில் படம் பிடிப்பது 80 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், கழற்றவும் முடியாது, ஜூமும் கிடையாது. பத்தடி தள்ளி நின்றால் ஏழடி அகலம் அதில் விழும். அண்மையில் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நிக்கானின் 35 பத்தடியில் காட்டுவது ஆறே முக்காலடி. ஏறக்குறைய அதே பார்வை. தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கல்யாணம், வளைகாப்பு, சடங்கு என்று ஒரு தலைமுறையே இந்தப் பார்வைக்குள் அடங்கியிருக்கிறது. பக்கத்தில் வேண்டுமென்றால் இரண்டெட்டு முன்னால் போவோம். குரூப் என்றால் பின்னால் வருவோம். பின்னால் வர இடமில்லாவிட்டால் பந்தலுக்குக் கூட்டிப் போவோம், அவ்வளவுதான்.

கிட் லென்ஸே 35-இல் நிற்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்பீர்கள். வெளிச்சத்துக்காகத்தான். 18-55-ஐ முழுக்க ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் 1.8 வரை திறக்கும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ பத்து மடங்கு. சாயங்காலம் ஒரு டியூப்லைட் எரிகிற ஹாலில் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தால், 5.6-இல் ஷட்டர் 1/30 நொடிக்கு இறங்கிவிடும், 1.8-இல் 1/300 கிடைக்கும். 1/30-இல் அப்பத்தா அசையாமல் உட்காருவார், பேரன் உட்காருவானா? ஃபிளாஷ் போட்டால் எல்லார் நெற்றியிலும் எண்ணெய் வழிந்த மாதிரி மின்னும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். ஆகவே பிரைம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை, எந்த பிரைம் என்பதில்தான் வழக்கு.

35-இல் முகம் கோணும், மூக்கு பெருக்கும் என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. மூக்கைப் பெருக்குவது லென்ஸ் இல்லை, தூரம். ஓரடியில் செல்போனை நீட்டிப் பிடித்து செல்ஃபி எடுத்தால் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிகிறது. ஐந்தடியில் எடுத்தால் அந்தக் கோளாறு இல்லை என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். மூக்கைச் சிறிதாக்க அறுவைசிகிச்சை கேட்டு வருகிறவர்கள் செல்ஃபியைக் காட்டுகிறார்கள் என்பதால் வந்த ஆய்வு அது. 35 வாங்குங்கள், யாரையும் ஐந்தடிக்குள் நெருங்காதீர்கள். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஐந்தடியில் ஓர் ஆள் இடுப்பு வரைக்கும் வருவார். முகம் மட்டும் பெரிதாக வேண்டுமா, எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 50 காட்டும் அளவுக்கு வெட்டினாலும் 12 மெகாபிக்சல் மிஞ்சும். பன்னிரண்டுக்கு எட்டு இஞ்ச் பிரிண்டுக்கு ஒன்பதே போதும். 50-இல் எடுத்த படத்தில் விட்டுப்போன அத்தையை எந்த சாஃப்ட்வேரில் கொண்டுவருவது?

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மையான காரணம் வெளியே வரும். “இல்லண்ணே, பின்னாடி நல்லா பிளர் ஆகணும்.”

என் சண்டையே இந்த பிளரோடுதான். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து, முகம் மட்டும் துலக்கமாக நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சினிமா போஸ்டருக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு, மாடலிங்குக்கு சரி. வீட்டுப் படத்தில் பின்னால் இருப்பது என்ன? வீடு. நகைக்கடை காலண்டர், மாலை போட்ட ஐயா படம், அதற்கு மேலே எரிகிற சின்ன சிவப்பு பல்பு, சுவரில் பிள்ளை உயரத்துக்குப் பென்சிலில் போட்ட கோடுகள், கதவிடுக்கில் சொருகிய கரண்ட் பில் அட்டை. அதை ஏன் கரைக்க வேண்டும்?

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன, ஓட்டு வீடுகள் எத்தனையோ போயின. அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் கேட்டது விசித்திரமாக இருந்தது. “எங்க வீட்டுப் படம் ஏதாச்சும் உங்கக்கிட்ட கெடக்குமா?” ஆட்கள் படம் அவர்களிடமே இருக்கிறது. வீடு தெரிகிற படம் வேண்டும். திண்ணை, முற்றம், தோப்புப் பக்கத்துக் கதவு தெரிகிற படம். என் நெகட்டிவ் பெட்டியில் என்ன இருந்தது? சீன். வண்ணம் தீட்டிய திரையில் மாடிப்படி, பூந்தொட்டி, தாஜ்மகால், எந்த ஊரிலும் இல்லாத ஓர் ஏரி. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக ஜனங்களை அவரவர் வீட்டிலிருந்து கிளப்பி ஸ்டுடியோவுக்கு வரவழைத்து அந்த ஏரிக்கு முன்னால் நிறுத்துவதுதான் அன்றைய வழக்கம். வேறு வழியும் இல்லை. குண்டு பல்பு வெளிச்சத்தில் அன்றைய ஃபிலிம் இழுக்காது. செல்போனில் எடுத்தவர்களிடமாவது இருக்குமென்று பார்த்தால், பாதிப் பேர் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்து வைத்திருந்தார்கள். அப்பா இருக்கிறார், அவருக்குப் பின்னால் பச்சையாக ஏதோ ஒன்று. அதுதான் விழுந்த தோப்பு.

இன்றைக்கு ஒரு சாதாரணக் கேமராவும் விலை குறைந்த ஒரு பிரைமும் இருந்தால், வீட்டு வெளிச்சத்திலேயே வீட்டோடு சேர்த்து மனிதர்களை எடுத்துவிடலாம். அந்த வசதி வந்த காலத்தில் வீட்டைத் துடைத்தெறியும் லென்ஸைத் தேடுவானேன்?

தொழில் கணக்கிலும் பிளர் ஒரு கண்ணிதான். 50-ஐ 1.8-இல் திறந்து ஐந்தடியில் எடுத்தால் துலக்கமாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் துல்லியமாகவும் மறு கண் மசமசவென்றும் நிற்கும். இரண்டு வரிசை குரூப் என்றால் கேட்கவே வேண்டாம். 35-ஐப் பத்தடியில் வைத்து 1.8-இல் எடுத்தால்கூட ஒன்றரையடிதான் தேறும், 5.6-க்கு மூடினால் ஐந்தடி. பின்வரிசை மாமாவும் தெளிவாக வருவார், சுவரும் வரும். பகலில் ஜன்னலைத் திறந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் 4 அல்லது 5.6-இல் எடுங்கள். 1.8-ஐ ராத்திரிக்கும், ஓடுகிற பிள்ளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய ஏ.எஃப். 50 1.8டி வாங்கினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தம்பி அப்படி வாங்கிவந்து, லென்ஸ் பழுது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார். அவருக்கு வேண்டியது ஏ.எஃப்-எஸ். என்று எழுதியிருப்பது, 2009-இல் வந்த டி.எக்ஸ். 35 1.8ஜி அந்த வகை, 200 கிராம்தான். கேனன் இ.எஃப். லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை; ஆனால் அவர்களிடம் மலிவான 35 கிடையாது. இ.எஃப்-எஸ். 24 2.8 எஸ்.டி.எம். கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 125 கிராம், அப்பளம் மாதிரி ஒல்லி. 1.8 அளவுக்குத் திறக்காதுதான், ஆனால் ஹால் முழுக்க அடங்கும். ஆர்50 வைத்திருப்பவர்களுக்கு ஆர்.எஃப். 28 2.8. இரண்டாம் கையில் வாங்கினால் செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ், தொடாதீர்கள். கடற்கரை ஊர்களில் இது சகஜம்.

ஐம்பதே ஆகாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. பெரிய வீடு, அகலமான முற்றம், கொல்லைப்புறம் இருக்கிறது, வீட்டில் ஒரே பிள்ளை, அதன் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டே இருக்கப் போகிறீர்கள் என்றால் 50 நல்ல லென்ஸ்தான். கேனனின் 2015 மாடல் 160 கிராமில் அதன் விலைக்குத் தருவது அதிகம். ஆனால் அதை யூடியூபைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், என்னைக் கேட்டும் வேண்டாம். கிட் லென்ஸ் ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி செல்லோடேப் சுற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் பிரித்து 50-இல் ஒட்டுங்கள் (18-45 என்றால் கடைசி முனையில்). எந்த வாரத்தில் அதிகம் திட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தீர்கள், எந்த வாரப் படங்களை வீட்டுப் பெண்கள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள் என்று பாருங்கள். 50-தான் என்று வந்தால் தாராளமாக ஆர்டர் போடுங்கள். டேப் பசையை மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.