கூட வர்ற பொண்ணுக்குப் பேரு என்ன?

நம்ம சுவரேட்டுல எல்லாரும் முதல்ல படிக்கிறது படக்கதைதான்னு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். அதனால அதைப் பத்தியே எழுதுறேன்.

போன இதழ்ல கடைசிக் கட்டத்துல பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சிவப்பு ஸ்கெட்ச்ல எழுதியிருந்தாங்க: "அடுத்த இதழில் நம் நாயகனுக்குப் புதிய உதவியாளர் அறிமுகம்!" பக்கத்துல ஒரு பொண்ணு. ரெட்டை ஜடை. ஒரு கையில டார்ச் லைட், இன்னொரு கையில நாயகனோட தண்ணி பாட்டில். நாயகனுக்குப் பேரு இருக்கு, அவரோட சைக்கிளுக்குக் கூடப் பேரு இருக்கு. அவளுக்கு இல்ல. பொண்ணு வர்றான்னு சந்தோஷப்பட்டேன், அந்த பாட்டிலைப் பார்த்ததும் கடுப்பாயிடுச்சு.

எங்க அப்பா ஒரு தடவை பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு மிக்சி ஜார் வாங்கப் போயிட்டு, பழைய காமிக்ஸ் கட்டு ஒண்ணும் சேர்த்து வாங்கிட்டு வந்தார். (ஜார் மூடி பொருந்தல, அது வேற கதை.) அப்போ பிடிச்ச பைத்தியம். அதுக்கப்புறம் கிடைச்சதை எல்லாம் படிச்சு, சித்தப்பாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டதுதான் இதெல்லாம்.

பேட்மேன் 1939-ல வந்தார். தனியா வந்தார். தனியா இருக்குற ஆளு யார்கிட்ட பேசுவார்? எல்லாத்தையும் மனசுக்குள்ளயே நினைக்கணும், படிக்கிறவங்களுக்குப் போர் அடிக்கும். கதை எழுதின பில் ஃபிங்கருக்கு இது பெரிய தொல்லையா இருந்துச்சு. அதனால 1940-ல ராபின்னு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. சர்க்கஸ்ல அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பையன். வந்ததும் புத்தக விற்பனை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சாம். அப்போ யாரால யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாருங்க.

ஆனா ராபினை எப்படி நடத்தினாங்கன்னு கேளுங்க. முதல் ராபின் வளர்ந்து போனதும் ரெண்டாவதா ஒரு பையன் வந்தான். அவனை நிறைய பேருக்குப் பிடிக்கல. 1988-ல அவன் சாகணுமா பிழைக்கணுமான்னு வாசகர்களை போன்ல ஓட்டுப் போடச் சொன்னாங்க. சாகட்டும்னு 5,343 ஓட்டு, பிழைக்கட்டும்னு 5,271. 72 ஓட்டு வித்தியாசத்துல ஒரு பையன் காலி. நம்ம ஸ்கூல்ல ரெண்டு வகுப்பு சேர்ந்தாலே 72 பேர் வந்துடுவோம். நாயகனை வச்சு இப்படி ஓட்டு எடுப்பாங்களா? துணைக்கு வர்றவன்னாதானே கிள்ளுக்கீரை.

மந்திரவாதி மாண்ட்ரேக் கதையில வர்ற லொதாரும் அப்படித்தான். 1934-ல இருந்து வர்றார். அவர் ஒரு ஆப்பிரிக்க இளவரசர். ஆனா ரொம்ப வருஷம் புலித்தோல் மாதிரி ஒண்ணைக் கட்டிகிட்டு, கொச்சையாப் பேச வச்சு, வேலைக்காரன் மாதிரியே காட்டினாங்க. 1965-க்கு அப்புறம் வேற ஓவியர் வந்துதான் அவருக்கு நல்ல உடுப்பும் நல்ல பேச்சும் கிடைச்சுது.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்னா, எங்க அம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. நம்ம சிட்கோ பக்கம் கட்டுற கட்டடம், குன்றத்தூர் பக்கம் கட்டுற வீடுன்னு எங்க வேலை இருந்தாலும் போவாங்க. பன்னெண்டு வருஷமா சும்மாடு வச்சு செங்கல் தூக்குறாங்க, கலவை போடுறாங்க. எந்தக் கலவைக்கு எவ்வளவு மணல்னு மேஸ்திரியே சில நேரம் அம்மாவைத்தான் கேப்பார். கூட வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் ரெண்டே வருஷத்துல கரண்டி பிடிச்சு, இப்போ அவன் மேஸ்திரி. அம்மா இன்னும் சித்தாள். கூலியும் அவனுக்குக் கிடைக்கிறதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான். வீட்டுக்காரங்க வந்தா "மேஸ்திரி நல்லா கட்டியிருக்கார்"னு சொல்லிட்டுப் போவாங்க. அம்மாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல, "இந்தாம்மா"தான்.

போன மாசம் எங்க குளியலறைச் சுவர் ஒரு பக்கம் சரிஞ்சுடுச்சு. ஞாயித்துக்கிழமை அம்மா கரண்டியும் தூக்குகுண்டும் இரவல் வாங்கிட்டு வந்து தானே கட்டினாங்க. நான்தான் அன்னைக்குச் சித்தாள். தூக்குகுண்டு போட்டுப் பார்த்தோம், ஒரு நூல் கூட விலகல. "உனக்குத் தெரியும்னா ஏம்மா கட்ட மாட்டேங்குற"ன்னு கேட்டேன். "யாருடி கரண்டியைக் குடுப்பா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

சில பேர் சொல்வீங்க, கதைன்னா அப்படித்தான், பொண்ணு கூடதான் வருவா, முன்னாடி வந்தா நல்லா இருக்காதுன்னு. சிவகாசியில இருந்து லயன் காமிக்ஸ் 1984-ல ஆரம்பிச்சப்போ முதல் புத்தகத்தோட பேரே 'கத்தி முனையில் மாடஸ்டி'. நாயகி பொம்பளை. கூட வர்ற கார்வின் ஆம்பளை, கத்தி வீசுறதுல கில்லாடி, அவளை இளவரசின்னுதான் கூப்பிடுவார். வாங்கிப் படிச்ச பசங்க யாரும் கெட்டுப் போகல. இன்னொரு அதிசயம், அதே 1984-லதான் முதல் ராபினும் பழைய உடுப்பைக் கழட்டிட்டு நைட்விங்னு புதுப் பேரோட தனி நாயகன் ஆனான். 44 வருஷம் ஆச்சு!

1986-ல ராபினா ஒரு பொண்ணும் வந்தா. கேரி கெல்லி, பதிமூணு வயசு, என்னைவிடச் சின்னவ. யாரும் அவளைக் கூப்பிடல. சாப்பாட்டுக் காசுல உடுப்பு வாங்கிப் போட்டுகிட்டுத் தானே போனா. பேட்மேன் அடிபட்டுக் கிடக்கும்போது காப்பாத்தினதும் அவதான்.

அண்ணன்களே, கோவிச்சுக்காதீங்க. உங்க படம் ரொம்ப அழகு, எனக்கு அந்த மாதிரி கை வரைய வராது. பொண்ணை எடுத்துடுங்கன்னு சொல்லல. அந்த தண்ணி பாட்டிலை நாயகனே தூக்கட்டும், அவர்தான் லாரியையே தூக்குறாரே. அவ கையில ஒரு தூக்குகுண்டைக் குடுங்க, கயித்தோட சுத்தி வீசினா வில்லனுக்கு மண்டை உடையும். மூணு கட்டத்துக்கு ஒரு தடவையாவது அவ சொல்றதை நாயகன் கேக்கட்டும். பேரு யோசிக்க நேரம் இல்லன்னா நான் ஒண்ணு வச்சிருக்கேன். மதியம் சாப்பாட்டு மணி அடிச்சதும் வேப்பமரத்துக்கிட்ட வந்து கேளுங்க.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி