நட்டம் தரும் மருந்துச் சீட்டு

கேகாலையிலே தனியொருவர் நடத்தும் சிறு மருந்துக்கடையொன்றின் கணக்கேடுகளைச் சில காலமாகப் பார்த்து வருகின்றோம். கடையிற் கூட்டம் குறைவதில்லை. ஆயினும் மாத முடிவிற் கையில் நிற்பது சொற்பமே. காரணம் யாதென வினவினால், விலைக்கட்டுப்பாடு என ஒரே சொல்லில் முடித்துவிடுவார் கடைக்காரர். அவ்விடை முழு உண்மையன்று என்பதே எமது துணிபு.

2016 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது மெய்யே. ஆனால், நட்டம் தந்த சீட்டுக்களைத் தனித்தனியே பிரித்து நோக்கியபோது, பெரும்பாலன அவ்வகையைச் சேர்ந்தனவாக இருக்கவில்லை. 100 மாத்திரை கொண்ட பெட்டி 1,000 ரூபா. மாத்திரையொன்று 12 ரூபாவாக விற்கப்படுகிறது எனக் கொள்வோம். நூறும் விற்றால் 200 ரூபா இலாபம். 83 மட்டும் விற்று எஞ்சியவை காலாவதியானால் வரவு 996 ரூபா. நட்டம் 4 ரூபா. (கல்லூரியில் இலாபநட்டக் கணக்கை எவ்வளவு வெறுத்தோம்!)

மாத்திரைகள் எஞ்சுவது ஏன்? ஒரே மருந்தினை வைத்தியர் ஒவ்வொருவரும் வெவ்வேறு வணிகப் பெயரால் எழுதுகின்றனர். கடைக்காரர் அத்தனை பெயரையும் வாங்கி அடுக்க வேண்டியவராகின்றார். 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை அதன் பொதுப்பெயரால் வழங்கவேண்டுமென வற்புறுத்தியதன் அருமை இத்தகைய அலுமாரியின் முன் நின்றால் விளங்கும்.

2022 இல் 200 ரூபாவளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை அண்டியபோது, விற்ற பணம் அதே மருந்தைத் திரும்ப வாங்கப் போதவில்லை. அது கடைக்காரரின் பிழையன்று.

எம் மனத்தை உறுத்துவது வேறு. தோட்டத்திலிருந்து வருபவர், ஐந்து நாளுக்கு எழுதப்பட்ட நுண்ணுயிர்கொல்லியில் இரண்டு நாளுக்கு மட்டும் கேட்பார், கையிலுள்ளது அவ்வளவே. வெட்டிய அட்டை கடையிற் கிடக்கும். நோயும் முற்றாக நீங்காது. இத்தகையோரை நட்டக்காரரெனத் திருப்பியனுப்புவதை யாம் ஒருபோதும் ஒப்போம். எஞ்சிய மூன்று நாள் மருந்தையும் அன்றே கொடுத்து, சம்பள நாளிற் பணம் பெறுவதே தக்கது. அக்கடனிற் சில திரும்பாதென்பதும் அறிவோம்; எனினும் காலாவதியாகிக் குப்பைக்குப் போவதினும் அது மேலன்றோ?

இப்பொழுது அக்கடையில் ஒவ்வொரு சீட்டுக்கும் எதிரே கொள்விலையும் எஞ்சிய மாத்திரையும் குறிக்கப்படுகின்றன. அந்த ஏட்டுடன் அயலிலுள்ள வைத்தியர்களைக் கண்டு பேசுவதாகக் கடைக்காரர் இசைந்துள்ளார்.