பெயர்வுத்தகைமை: பழியும் பணியும்

சி மொழியில் ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட நிரலைப் பிற தளங்களிலும் இயங்கச்செய்யும் பணி, திறந்த மூல உலகில் வேண்டாத சுமையெனப் பலராற் பழிக்கப்படுகின்றது. பழிப்போர் முன்வைக்கும் பெருஞ்சான்று, இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். நூலகமாகும்.

சான்று வலுவற்றதன்று. 2014 ஏப்பிரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ வழு, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 64 கிலோபைற் வரையான நினைவகத்தை அயலாருக்குக் கசியவிட்டது. சில தளங்களில் நினைவக ஒதுக்கீடு மந்தமானது என்பதனால், அந்நூலகம் பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் தளத்திடம் ஒப்படையாது தன்னிடமே வைத்திருந்தது. மந்தமான தளங்களுக்காகச் செய்த இவ்வேற்பாடு, ஓபன் பி.எஸ்.டி. போன்ற தளங்களின் காவல்களைப் பயனற்றனவாக்கிற்று. சினங்கொண்ட ஓபன் பி.எஸ்.டி. குழுவினர் ‘லிப்ரே எஸ்.எஸ்.எல்.’ எனப் பிரிந்து, வி.எம்.எஸ்., 16 பிற் விண்டோஸ் முதலியவற்றுக்கான பகுதிகளை வெட்டியெறிந்தனர்.

பழிப்போர் கதையை இவ்விடத்தே நிறுத்திவிடுவர். அதே குழுவினர் அதே ஆண்டு யூலையிற் பிற தளங்களுக்கான பதிப்பொன்றையும் வெளியிட்டனர் என்பதை ஏனோ அவர்கள் கூறுவதில்லை. ஓபன் பி.எஸ்.டி.யில் தளமே வழங்கிய எழுமாற்றெண் வசதி லினக்ஸில் அன்றிருக்கவில்லை, மாற்றுநிரல் எழுதவேண்டியதாயிற்று. ஒரு செயன்முறை கிளைத்துப் பிள்ளையைத் தோற்றுவிக்கும்போது, பிள்ளை தாயின் எண்வரிசையையே பெறுதல் ஆகாது. மாற்றுநிரலோ செயன்முறை இலக்கம் மாறியதா என்பதைக் கொண்டே கிளைத்தலை அறிந்தது. பாட்டனின் இலக்கம் பேரனுக்கு மீண்டும் வாய்த்தால் இருவருக்கும் ஒரே எண்கள் கிடைக்கும்; இரகசியச் சாவிகளை ஆக்கும் நூலகத்துக்கு இது சிறு குறையன்று. வெளியீட்டின் பின் சில நாட்களிலேயே இது சுட்டப்பட்டு, 2.0.2 பதிப்பிற் திருத்தப்பட்டது. பழிப்போர் எளிதெனக் கருதும் பணியின் தன்மை இதுவே.

இப்பணி தளங்களையுந் திருத்தியுள்ளது. 2014 ஒக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 3.17, எழுமாற்றெண்களுக்கெனப் புதிய கருவழைப்பொன்றைச் சேர்த்தது. அதனைக் கோரியோர் லிப்ரே எஸ்.எஸ்.எல்.லின் பெயர்வுப் பதிப்பை ஆக்கியோரே. சரங்களை அளவுமீறாது படியெடுக்க 1998இல் ஓபன் பி.எஸ்.டி. வழங்கிய ‘எஸ்டிஆர்எல்சிபிவை’ செயற்கூறு, குனூ சி நூலகத்தில் 2023இலேயே இடம்பெற்றது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளும் அதனைச் சுமந்தவை, ஒவ்வொரு மென்பொருளும் தன்னுடன் கட்டிக்கொண்டு திரிந்த மாற்றுநிரற் பொதிகளே. அப்பொதிகளைப் பேணியோரின் பெயரைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்?

ஓபன் எஸ்.எஸ்.எல்.லின் குற்றம் பல தளங்களுக்கு இடமளித்தமையன்று. தளந்தோறும் வேறுபடும் நிபந்தனைகளை நிரலின் உடலெங்கும் தூவி, தேவை ஒழிந்தபின்னரும் அவற்றை நீக்க ஆளின்றி விட்டமையே குற்றம். மாற்றுநிரல் தனியடுக்கில் இருத்தல் வேண்டும். தளம் அக்குறையை நிரப்பிய நாளில் அது நீக்கப்படவும் வேண்டும். அந்நாளை அறிவதற்கு ஒவ்வொரு தளத்தையும் யாரேனும் ஒருவர் தொடர்ந்து சோதித்துக்கொண்டிருத்தல் அவசியம். நூலகத்தை விலையின்றிப் பெற்று வாணிபம் நடத்தும் நிறுவனங்கள் அந்த ஒருவருக்கு ஊதியம் வழங்க முன்வராது, பெயர்வுத்தகைமையே பாழ் என்பது எவ்வகை நியாயம்?